ஆயில் விளக்கும் பிரஷர் முள்ளும்: அறிகுறி வாரியாகப் பழுது தேடும் முறை

சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்படும் பைக்குகளில் நிறைய வண்டிகளுக்கு என்ஜினில் ஒன்றும் இருக்காது. ஒயர் தோல் உரிந்து பாடியில் தொட்டுக்கொண்டிருக்கும், பிரஷர் குறைந்தால் விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச் போயிருக்கும், இல்லை ஆயிலே குறைந்திருக்கும். "சென்சார்தான் சார், ஓட்டிட்டே போங்க" என்று யாரோ சொன்னதை நம்பி ஓட்டி வந்து, கடைசியில் கிராங்க்கையே (பிஸ்டன் சுற்ற வைக்கும் முக்கிய அச்சு) மாற்றிய வண்டிகளும் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துப் பார்த்து நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் என்ஜினை நிறுத்துவது, அடுத்து காட்டும் அளவு நிஜமா என்று பார்ப்பது, நிஜம் என்று தெரிந்த பிறகே ஸ்பேனரை எடுப்பது.

நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த விளக்கே கிடையாது. டிப்ஸ்டிக்கோ, ஆயில் கண்ணாடியோ மட்டும்தான். கேடிஎம் டியூக், கவாசாகி நிஞ்ஜா, பெரிய ஹோண்டாக்கள் மாதிரி விளக்கு உள்ள வண்டிகளுக்கும், ஆயில் பிரஷரை முள்ளால் காட்டும் கேஜ் வாங்கி மாட்டியவர்களுக்கும் இது பயன்படும். புல்லட்காரர்களுக்குக் கீழே தனிப் பகுதி உண்டு.

ஓடும்போது விளக்கு எரிந்தால்

கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சைத் தட்டி, ஓரம் கட்டுங்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிமிர்த்தி ஆயில் அளவைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் பார்த்த அளவு அளவே அல்ல. டிப்ஸ்டிக் இருந்தால் துடைத்து, திருகாமல் வைத்து எடுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலான வண்டிகளில் முறை. திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு, மேனுவல் சொல்வதே சரி.

குறைந்திருந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் விளக்கு அணைந்தால் மெதுவாக வீடு போகலாம், ஆனால் ஆயில் எங்கே போனது என்று பிறகு தேடியே ஆக வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் குட்டியானை ஒன்றைப் பிடித்து ஏற்றிவிடுங்கள். அந்த வாடகை என்ஜின் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை

இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. இதுதான் மோசமானது. என்ஜின் ஓடாத நேரத்தில் பிரஷர் பூஜ்ஜியம், அப்போது விளக்கு எரிந்தே தீர வேண்டும். எரியாத விளக்கு நாளைக்கு ஆயில் தீர்ந்தாலும் எரியாது.

ஆயில் சுவிட்ச் பெரும்பாலும் ஒற்றை ஒயர்தான். அதைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒயரின் முனையை என்ஜின் உலோகத்தில் தொட வைத்துப் பாருங்கள்.

விளக்கு எரிந்தால்: பல்பும் ஒயரும் நல்லவை, சுவிட்ச்தான் போயிருக்கிறது. அல்லது சுவிட்ச் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி எர்த் கிடைக்காமல் செய்திருக்கிறார்கள்.

எரியாவிட்டால்: பல்ப், ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்ற வரிசையில் பாருங்கள். மீட்டர் வரை போய்விட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஸ்டார்ட் செய்த பிறகும் விளக்கு அணையவில்லை

ஐந்து நொடிக்கு மேல் எரிந்தால் நிறுத்துங்கள். சரிபார்க்கும் சாக்கில் என்ஜினை ஓடவிட வேண்டாம். கீழே உள்ள முதல் சோதனைக்கு என்ஜின் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

*எப்போதும்போல ஓட்டிக்கொண்டிருந்த வண்டி என்றால்*

ஆயில் அளவு சரி என்று வைத்துக்கொள்வோம். சாவியை மட்டும் ஆன் செய்து, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உரசி, பாடியில் எர்த் ஆகிறது. சைலன்சர் பக்கம், ஃபிரேம் கிளிப், செயின் ஸ்பிராக்கெட் மூடிக்கு உள்பக்கம், இந்த மூன்று இடங்களிலும்தான் தோல் உரிந்து பார்த்திருக்கிறேன்.

கழற்றியதும் அணைந்தால் ஒயர் நல்லது. மிஞ்சியவை இரண்டுதான்: சுவிட்ச் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது, அல்லது நிஜமாகவே பிரஷர் இல்லை. இந்த இரண்டில் எது என்பதை ஊகிக்காதீர்கள். புதுச் சுவிட்ச் சில நூறு ரூபாய்தான் என்று மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. நான் மெக்கானிக்கல் கேஜ் போட்டுப் பார்த்துவிடுவேன், அதன் முறை கீழே.

*ஆயில் மாற்றிய உடனே என்றால்*

பயப்படும் முன் யார் மாற்றினார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

காலி ஃபில்டர் நிரம்பச் சில நொடி ஆகும், அது இயல்பு. அதையும் தாண்டினால் ஃபில்டர் மூடியைத் திறங்கள். பேப்பர் ஃபில்டர் வரும் பல வண்டிகளில் அதைத் திருப்பிப் போட்டாலும் மூடி உட்கார்ந்துவிடும். ஆயில் போக வழி இருக்காது. ஹோண்டா ஃபில்டர்களில் வெளிப்பக்கம் எது என்று அச்சிட்டே இருக்கிறது, இருந்தும் நடக்கிறது. பின்னால் தள்ளும் ஸ்பிரிங் இருக்கிறதா, ஓ-ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். திருகிப் போடும் டப்பா ஃபில்டர் என்றால் பழைய ரப்பர் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ரப்பர் உட்கார்ந்திருக்கும். அப்போது பிரஷர் குறைவதோடு ஆயில் தரையெல்லாம் கொட்டும்.

இன்னொன்று என் கையாலேயே நடந்தது. கிளட்ச் கவருக்குப் புது பேக்கிங் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாக அப்பி மூடினேன். வெளியே பிதுங்கியதை அழகாகத் துடைத்தேன். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? மூன்று வாரம் கழித்து விளக்கு. அடியில் உள்ள ஆயில் வலையைக் கழற்றினால், சேமியா மாதிரி நீளநீளமாகச் சாம்பல் நிறத் துண்டுகள் வலை முழுக்க அப்பியிருந்தன. பேஸ்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் நூல் கனத்துக்கு மேல் போடாதீர்கள்.

சூடான பிறகு ஐடிலிங்கில் மினுக்குகிறது, ரைஸ் செய்தால் அணைகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். சித்திரை வெயிலில், சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் வரும். காலையில் காட்டச் சொன்னால் வராது. சூட்டில் ஆயில் தண்ணியாகும், வேகம் குறைந்தால் பம்ப் தள்ளுவதும் குறையும். விளிம்பில் இருக்கும் பிரஷர் அங்கேதான் கீழே விழும்.

முதலில் ஐடிலிங் வேகம். 1,300 இருக்க வேண்டிய வண்டி 900-இல் தடுமாறிக்கொண்டிருந்தால் விளக்கு மினுக்கத்தான் செய்யும். சரியான வேகத்துக்கு வைத்துப் பாருங்கள். விளக்கை அணைப்பதற்காக 1,800-க்கு ஏற்றி வைப்பது வேறு விஷயம், அது செய்யக் கூடாது.

அடுத்து ஆயில். எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, என்ன கிரேடு? 20டபிள்யூ-50 கேட்கும் வண்டியில் 10டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். சரியான கிரேடில், பைக் ஆயிலுக்கான ஜப்பான் தர முத்திரையான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 உள்ள ஆயிலை மாற்றிப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயில் ஆகாது. அதில் கிளட்ச் வழுக்க வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது, ஆயிலில் பெட்ரோல் கலந்திருப்பது. கார்புரேட்டர் வண்டிகளில் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாவிட்டால், ராத்திரி முழுக்கப் பெட்ரோல் சொட்டி சிலிண்டர் வழியாக கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஊற்றாமலே ஆயில் அளவு கூடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். "ஆயில் குறையவே இல்லை சார், நல்ல வண்டி" என்று ஒருவர் பெருமையாகச் சொன்ன வண்டியில், மூடியைத் திறந்ததுமே பங்க் வாசனை அடித்தது. டிப்ஸ்டிக்கிலிருந்து தேன் மாதிரி இறங்க வேண்டிய ஆயில் ரசம் மாதிரி சொட்டியது. இப்படி இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை வடித்து, ஊசியைச் சரி செய்து, புது ஆயில் ஊற்றுங்கள். வாசனை போதும், தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டாம். அப்படிப் பார்த்தவரின் புருவம் வளர நாளாயிற்று.

இவை மூன்றும் சரி என்றால் சுவிட்சைச் சந்தேகப்படலாம். அதற்கும் கேஜ்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கேஜும் குறைவாகக் காட்டினால், ரிலீஃப் வால்வு (மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடும் வால்வு) தூசி பிடித்துத் திறந்தே நிற்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், கடைசியாக ஷெல் பேரிங், அதாவது கிராங்க்கைத் தாங்கும் மெல்லிய உலோக ஓடு. இந்த வரிசையிலேயே செலவும் ஏறும்.

இந்த இடத்தில் "கெட்டியான ஆயில் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும்" என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். அணையும்தான். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏற முன்பைவிட நேரமும் பிடிக்கும். வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை இது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் என்ஜினை நன்றாகச் சூடாக்கிய பிறகு விளக்கைப் பார்ப்பது இதனால்தான்.

வளைவிலோ, மேட்டிலோ, பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் எரிகிறது

ஆயில் குறைவு. பத்துக்கு ஒன்பது முறை அதுவேதான். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அளவு சரியாக இருந்தும் எரிந்தால் அந்தச் சுவிட்ச் ஒயரின் இணைப்பு ஆடுகிறதா என்று பாருங்கள்.

மெக்கானிக்கல் கேஜ் போட்டுப் பார்ப்பது

விளக்கு அணைந்திருக்கிறது என்றால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அந்தச் சுவிட்சுகள் பொதுவாக 3 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள்ளேயே (பி.எஸ்.ஐ. என்பது பிரஷரை அளக்கும் அலகு) விளக்கை அணைத்துவிடும். 70 இருக்க வேண்டிய என்ஜினில் 15 இருந்தாலும் விளக்கு சமர்த்தாக அணைந்துதான் இருக்கும். அதனால்தான் கேஜ்.

0 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் சாதாரண முள் கேஜ் போதும். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் குழாயை இணைத்துக் கொடுப்பார்கள். சுவிட்ச் ஓட்டையில் மாட்டும் அடாப்டரை லேத்தில் கடைந்துகொள்ளலாம், ஆனால் மரையைப் பார்த்துக் கடையுங்கள். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் அரைக்கால் இஞ்ச் டேப்பர் மரை இருக்கும். பத்து எம்.எம். நேர் மரை உள்ள வண்டிகளும் உண்டு. முதல் இரண்டு சுற்று இரண்டுமே ஏறுகிற மாதிரித் தெரியும், மூன்றாவது சுற்றில் அலுமினியம் விரிசல் விடும். பழைய சுவிட்சையே கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

என்ஜின் ஆறியிருக்கும்போதே சுவிட்சைக் கழற்றி கேஜை மாட்டுங்கள். பிறகு சூடாக்குங்கள். மேனுவல்களில் உள்ள அளவு சூடான ஆயிலுக்குச் சொல்லப்பட்டது, பல ஹோண்டாக்களில் அது 80 டிகிரி செல்சியஸ். கல்லு மாதிரி குளிர்ந்த என்ஜினில் முள் எங்கோ போய் நிற்கும், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஐடிலிங்கில் ஒரு முறை, மேனுவல் சொல்லும் ஆர்.பி.எம்.மில் ஒரு முறை படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த எண் நல்ல எண்? கார்க்காரர்கள் ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பார்கள். பைக்கில் அதைக் கொண்டுவந்தால் நல்ல என்ஜினைப் பிரித்துவிடுவீர்கள். ஷெல் பேரிங் உள்ள ஹோண்டா சிபிஆர்600 வகை நான்கு சிலிண்டர் என்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 70 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். ஹார்லியின் ஏர்கூல்டு ஸ்போர்ட்ஸ்டர் ஐடிலிங்கில் 7 முதல் 12, 2,500 ஆர்.பி.எம்.மில் 10 முதல் 17 காட்டினாலே ஆரோக்கியம். எழுபதுகளின் கடைசியில் வந்த சுசூகி ஜிஎஸ்1000-இல் கிராங்க் ரோலர் பேரிங்கில் ஓடுவதால் 3,000 ஆர்.பி.எம்.மில் ஒன்றரையிலிருந்து ஏழு பி.எஸ்.ஐ. வரை இருந்தால் போதும். அதற்கு 100 பி.எஸ்.ஐ. கேஜ் போட்டால் முள் அசைந்ததா என்றே தெரியாது, 15 பி.எஸ்.ஐ. கேஜ் வேண்டும். பக்கத்து வீட்டு வண்டியோடு ஒப்பிடாமல் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

முடிந்ததும் சுவிட்சைத் திரும்பப் போடும்போது மரையின் முனையில் மூன்று நான்கு எம்.எம். விட்டு மேலே மட்டும் சீலன்ட் தடவுங்கள். மிதமாக இறுக்கினால் போதும், பலத்தைக் காட்டுகிற இடம் இது இல்லை.

கேஜில் முள் வழக்கத்துக்கு மேல் ஏறி நிற்கிறது

குளிரில் ஏறி, சூட்டில் இறங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம். சூடான பிறகும் இறங்காவிட்டால் ஆயில் தேவைக்கு மேல் கெட்டி, அல்லது ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கிவிட்டது, அல்லது கேஜ் இருக்கும் இடத்துக்கு அப்பால் வழி அடைத்திருக்கிறது. மூன்றாவதுதான் ஆபத்து. கேஜ் நிறையக் காட்டும், என்ஜினின் மேல் பகுதியான சிலிண்டர் தலைக்கு ஆயில் போகாது. டேப்பெட் மூடியைத் திறந்து, ஐடிலிங்கில் மேலே ஆயில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ரைஸ் செய்தால் முள் ஏறாமல் இறங்குகிறது

பம்ப் காற்றைக் குடிக்கிறது. அடி வலை அடைப்பு, உறிஞ்சும் பக்கத்து ஓ-ரிங் கிழிசல், அல்லது ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றி கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கியது. கண்ணாடியில் மோர் மாதிரி நுரை தெரிந்தால் கூடுதல் ஆயிலை வடித்துவிட்டுப் பாருங்கள்.

மாட்டிய எலெக்ட்ரிக் கேஜ் கண்டபடி காட்டுகிறது

சென்டரும் (என்ஜினில் மாட்டும் பிரஷர் சென்சார்) மீட்டரும் ஒரே ஜோடியா? 10 முதல் 180 ஓம் சென்டருக்கு 240 முதல் 33 ஓம் மீட்டரை மாட்டினால் முள் தலைகீழாக ஓடும். ஜோடி சரி என்றால் எர்த்தைப் பாருங்கள், இங்கேயும் அந்த டெஃப்லான் டேப்தான்.

காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கேஜ் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது

திருவொற்றியூரில் ஐம்பதுகளில் தொடங்கிய அந்த வம்சத்து என்ஜினுக்கு ஆயில் விளக்கும் கிடையாது, கேஜும் கிடையாது. அழகுக்காக, தலையில் வால்வுகளைத் தட்டும் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயில் கேஜ் மாட்டிவிட்டு, சூடானதும் முள் படுத்துவிட்டது என்று தூக்கம் கெடுகிறவர்கள் அதிகம். அந்தக் குழாயின் மறுமுனை ராக்கரில் திறந்து கிடக்கிறது. அங்கே ஆயில் வந்து விழ வேண்டும், முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முள் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் இருப்பதே அதன் இயல்பு.

இதற்குச் சரியான சோதனை பழைய மெக்கானிக்குகள் செய்வதுதான். என்ஜினை ஐடிலிங்கில் விட்டு, தலைக்குப் போகும் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (நடுவே ஆயில் துளை உள்ள போல்ட்) ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். கீழே துணி வையுங்கள். சொட்டுச் சொட்டாகத் துடித்துக்கொண்டு ஆயில் கசிந்தால் மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

வரவில்லையா? முதலில் போல்ட்டின் துளையும் குழாயும் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். அடுத்து ஃபில்டர். ஃபில்டர் மாற்றியபோது அந்த அறையில் ஆயில் ஊற்றி மூடினீர்களா? அதுவும் சரி என்றால் பம்ப் ஸ்பிண்டில். கிராங்க் முனையில் உள்ள வார்ம் கியர்தான் இதைச் சுற்றுகிறது. பல் மழுங்கினால் பம்ப் நின்றுவிடும், வெளியே சத்தமே கேட்காது. டைமிங் மூடியைத் திறந்தால் அங்கே உள்ள கார்க் சீலையும் புதிதாகப் போடுங்கள். அது போய்விட்டால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் முனை) போக வேண்டிய ஆயில் வழியிலேயே ஒழுகிவிடும்.

இரண்டு வாரம் நின்ற புல்லட்டில் டிப்ஸ்டிக் காய்ந்து இருந்தால் உடனே ஆயில் ஊற்றாதீர்கள். ஆயில் டேங்கில் இருந்தது மெல்ல கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். சில நிமிடம் ஓடவிட்டு, அது திரும்பி வந்த பிறகு பாருங்கள்.

எப்போது விட்டுக்கொடுப்பது

ஆயில் விளக்கோடு அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமான சத்தமும் வந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றி அனுப்புங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் கேஜ் சூட்டில் மேனுவல் அளவுக்குக் கீழே காட்டுகிறது என்றால், கொடுக்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரின் பேப்பரை பிளேடால் அறுத்து, மடிப்புகளை விரித்து, வெள்ளைத் தட்டில் வைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக மட்டும் இருந்தால் பம்ப், ரிலீஃப் வால்வு பக்கம் நம்பிக்கை இருக்கிறது. ஜிகினா மாதிரி மின்னினால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். ஒட்டாத வெள்ளி மினுக்கும் செம்பு நிறத் துகளும் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம், அப்போது கிராங்க்கேஸ் பிரிக்கும் செலவுக்குத் தயாராகிவிடுங்கள்.

பிரிக்கச் சொல்லும் மெக்கானிக் முதலில் பம்ப்பை அளக்கிறாரா என்று கவனியுங்கள். பல ஹோண்டா என்ஜின்களில் உள் ரோட்டருக்கும் வெளி ரோட்டருக்கும் நடுவே 0.20 எம்.எம்.தான் எல்லை, ஃபீலர் கேஜ் இருந்தால் ஒரு நிமிட வேலை. அளக்காமலே "கிராங்க் போச்சு" என்றால் வேறு பட்டறை பாருங்கள். போகும்போது ஒரு சீட்டில் நான்கு விஷயம் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சூட்டில் ஐடிலிங்கில் எவ்வளவு பிரஷர், ரைஸ் செய்தபோது எவ்வளவு. அறுத்த ஃபில்டரையும் பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.